குறுக்கெழுத்தில் ‘மா’: ஒரே கட்டத்துக்குள் எத்தனை சொல்?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரக் கட்டத்தில் 7 குறுக்கு பற்றி ஒரு சந்தேகம். குறிப்பு இது: ‘மரத்தை ஒட்டித் தீபம், அம்மனுக்குச் செலுத்துவது (5)’, அதாவது விடைக்கு ஐந்து எழுத்து.

நெடுக்கில் ‘ள’ விழுந்ததுமே மாவிளக்கு என்று எழுதிவிட்டேன். விடை சரிதான். ஆனால் எழுதிய பிறகும் மனசு ஒப்பவில்லை. மாவிளக்கு என்பது பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, நடுவில் குழித்து நெய் விட்டுத் திரி போடுவது. ஆடி மாதம் பாட்டி அதைச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதில் இருக்கும் ‘மா’ மாவு. மாமரத்துக்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடந்த இரண்டு மாதக் கட்டங்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். ‘குதிரை’ என்றால் மா, ‘பெரிய’ என்றால் மா, ‘கரிய’ என்றால் மா, ‘திருமகள்’ என்றாலும் மா, ‘நில அளவு’ என்றாலும் மா. இருப்பது ஒரே எழுத்து. இத்தனை பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா, இல்லை வேறு வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றனவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டங்கட்டி எழுதியது:

தம்பி, அந்தக் கட்டம் நான் போட்டது. அதனால் முதலில் நானே பதில் சொல்கிறேன்.

விடையின் உண்மையான பிரிப்பும் குறிப்பில் வரும் பிரிப்பும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதுதான் இந்த வகைக் குறுக்கெழுத்தின் சுவை. மாவிளக்கு என்பதை ‘மாவால் செய்த தீபம்’ என்று எழுதினால் அது வெறும் விளக்கம் ஆகிவிடும். அதனால் மாவு மாவை எடுத்துவிட்டு மர மாவை வைத்தேன். பின்பாதியில் ‘அம்மனுக்குச் செலுத்துவது’ என்று நேரான பொருளும் இருக்கிறது.

‘மா’ அடிக்கடி வருவதற்குக் காரணம் எங்கள் சோம்பல் அல்ல, தமிழ்க் கட்டத்தின் அமைப்பு. 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது ஒரு கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. நம் கட்டத்தில் உயிர்மெய் முழுதாக ஒரே கட்டத்தில் உட்காரும். ஆகவே ஒரே கட்டத்துக்குள் ஒரு முழுச் சொல் அடங்கிவிடும். நன்னூல் இப்படி 42 ஓரெழுத்து ஒருமொழிகளைக் கணக்குச் சொல்கிறது. அதில் மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. உயிரெழுத்துகளை விட்டால் எந்த வரிசைக்கும் அவ்வளவு இல்லை.

ஒரு கட்டத்தில் முடியும் விடை எந்தக் குறுக்கெழுத்திலும் கிடையாது. அதனால் மா தனியாக விடையாக வரவே முடியாது. எப்போதும் ஏதோ ஒரு சொல்லின் துண்டாகத்தான் வரும். பொருள் நிறைய இருக்கும் துண்டு எங்களுக்குக் கிடைத்த வரம். உதாரணத்துக்கு இதைப் பாருங்கள்: ‘திருமாலின் குதிரை காட்டுக்கு ராஜா (3)’.

காவிரிக்கரை எழுதியது:

அரிமா! அரி திருமால், மா குதிரை, சேர்ந்தால் சிங்கம். நன்றி ஐயா. ஆனால் வேர் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

வகுப்பறை எழுதியது:

நான் முப்பது வருடம் தமிழ் நடத்தியவள். இந்தக் கேள்வியை வகுப்பில் ஒரு மாணவன்கூடக் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக நிற்கும்போது எல்லா மாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்துப் பாருங்கள், உடனே வேறுபாடு தெரியும். மரமாக இருந்தால் வல்லெழுத்துக்கு முன் மெல்லெழுத்து வரும்: மாங்காய், மாஞ்சோலை, மாந்தளிர், மாந்தோப்பு, மாம்பழம். மாவாக இருந்தால் வல்லெழுத்தே இரட்டிக்கும்: மாக்கோலம். ‘மாங்கோலம்’ என்று யாராவது சொல்வார்களா? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்ல மாட்டார். அவர் வாய்க்கு இவை இரண்டும் வேறு சொற்கள் என்று தெரியும்.

இதைத் தொல்காப்பியரே பிரித்துவைத்திருக்கிறார். மரத்தைக் குறிக்கும் மாவை ‘மாமரக் கிளவி’ என்று தனியாகப் பெயரிட்டுச் சொல்கிறார். விலங்கைக் குறிக்கும் மாவைப் பசுவைக் குறிக்கும் ‘ஆ’வோடு சேர்த்துவைத்து, இவை இரண்டும் னகர ஒற்றுப் பெறும் என்கிறார். ஆகவே மாங்கோடு என்றால் மாமரத்தின் கிளை, மான்கோடு என்றால் விலங்கின் கொம்பு. மரத்து மாவும் விலங்கு மாவும் ஒரே சொல் அல்ல என்பது அந்தக் காலத்திலேயே தெளிவாக இருந்திருக்கிறது.

விலங்கு என்ற பொருள்தான் குதிரைக்கும் யானைக்கும் போனது. பரிமா குதிரை. கைம்மா, கை உள்ள விலங்கு, யானை. அடைமொழி இல்லாமல் வெறும் மா என்றாலும் போர்க்களம் பேசும் இடத்தில் பெரும்பாலும் குதிரைதான். 814ஆம் குறளில் வரும் ‘கல்லாமா’ பழக்கப்படாத குதிரை. போர்க்களத்தில் வீரனை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவிடும் குதிரை போன்ற நண்பர்களைவிடத் தனிமையே மேல் என்கிறார் வள்ளுவர்.

‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்ற தொல்காப்பிய மரபியல் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மா விலங்கு. அதை வைத்து மாக்கள் என்றாலே திட்டு என்று நினைத்துவிட வேண்டாம். சங்கப் பாடல்களில் சாதாரணமாக மனிதர்களையே மாக்கள் என்று சொன்ன இடங்கள் நிறைய உண்டு.

மொழிப்பித்தன் எழுதியது:

அம்மா எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ‘பெரிய’ என்ற பொருளில் வரும் மா, வடமொழி ‘மகா’வின் சுருக்கம். கும்பகோணத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தை மாமகம் என்றும் மாமாங்கம் என்றும் சொல்கிறோம் அல்லவா? மகாதவம் மாதவம் ஆனது, மகாகவி மாகவி ஆனது. இங்கே வல்லெழுத்து இரட்டிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். மாத்தவம் என்றோ மாக்கவி என்றோ சொல்வதில்லை. ஆகவே அது வந்த சொல் என்று நினைக்கிறேன்.

வகுப்பறை எழுதியது:

மாமகம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மகா தேய்ந்து மா ஆவதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் பெருமை குறிக்கும் மா எல்லாமே அப்படி வந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறுந்தொகையில் ‘மாக்கழி’ வருகிறது, கழி என்றால் உப்பங்கழி. இங்கே வல்லெழுத்து இரட்டித்திருக்கிறது. கரிய கழி என்றும் சொல்லலாம், பெரிய கழி என்றும் சொல்லலாம். ‘மாயிரு ஞாலம்’ என்று பழைய பாடல்களில் வருவதைப் பாருங்கள். மா + இலை மாவிலை, வகரம் வந்தது. மா + இரு மாயிரு, யகரம் வந்தது. ஆகாரத்துக்குப் பின் வகரம்தான் வர வேண்டும் என்பது பொது விதி. இந்த மா அந்த விதிக்குக் கட்டுப்படாமல் தனியாக நடக்கிறது. புதிதாக வந்து சேர்ந்த சொல் இப்படிப் பழைய நடையோடு இருக்குமா?

கருமையும் பெருமையும் இந்த மாவில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 617ஆம் குறளில் ‘மாமுகடி’ என்று மூதேவியைச் சொல்லும் இடத்தில் பரிமேலழகர் ‘கரிய சேட்டை’ என்று உரை எழுதுகிறார். மாயோன் என்ற பெயர் கரிய நிறத்தால் வந்தது. இந்தக் கருமைக்கு மகா என்ற சொல்லில் இடமே இல்லை. அதனால் தமிழில் ஏற்கெனவே ஒரு மா இருந்தது, மகாவும் தேய்ந்து வந்து அதன் பக்கத்தில் நின்றது, பிற்காலத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போனது என்பது என் எண்ணம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மரத்து மா தனி, மற்றவை தனி. இரட்டித்தால் மாவு என்று முதலில் எழுதினேன் அல்லவா, அதை மாக்கழியே மறுக்கிறது. அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன்.

மொழிப்பித்தன் எழுதியது:

மாயிரு பற்றி நான் யோசிக்கவே இல்லை அம்மா. அந்த யகரம் வலுவான சான்று. ‘எல்லாம் மகா’ என்ற என் பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் திருமகளைக் குறிக்கும் மா மட்டும் வடமொழிதான், அதில் மாற்றம் இல்லை. மாதவன் என்ற பெயர் மா + தவன். அங்கே தவன் என்றால் கணவன். திருமகளின் கணவன், திருமால். மாதவம் செய்தவனுக்கும் இந்த மாதவனுக்கும் தொடர்பு கிடையாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொல்லில் இரண்டு மா, இரண்டு தவம்.

கட்டங்கட்டி எழுதியது:

இதை நான் கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேலியூரான் எழுதியது:

நான் இலக்கணம் படித்தவன் இல்லை, தஞ்சை மாவட்டத்தில் விவசாயம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டம் நிரப்புவது பழக்கம். நில அளவு மா பற்றி யாரும் எழுதவில்லையே என்று நான் வந்தேன்.

எங்கள் பக்கம் இன்றைக்கும் நிலம் மாவில்தான். பத்திரத்தில் ஹெக்டேர் இருக்கும், வாயில் மா இருக்கும். ‘அஞ்சு மா நடவு முடிஞ்சுது’ என்றுதான் பேசுவோம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. 14,400 சதுர அடி வரும், கிட்டத்தட்ட 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கருக்கு 360 சதுர அடி குறையும், அதனால் மூணு மா ஓர் ஏக்கர் என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுவோம். இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே.

இந்த மா எங்கே இருந்து வந்தது என்று என் தாத்தாவிடம் சின்ன வயதில் கேட்டேன். ‘ஒரு மாமரம் நிற்கிற இடம்’ என்று சொன்னார். இத்தனை வருடமும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். சரியா?

கட்டங்கட்டி எழுதியது:

அண்ணா, உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. இருபது மா ஒரு வேலி என்றீர்களே, அதைத் திருப்பிப் போடுங்கள். வேலியில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா.

பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று, எதில் இருந்தாலும் சரி. இருமா என்றால் பத்தில் ஒன்று. நாலுமா ஐந்தில் ஒன்று. அரைமா நாற்பதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்று பின்னம் பின்னமாக இறக்கிக்கொண்டே போவார்கள். ஆக உங்கள் ஊர் மா மரத்தில் இருந்து வரவில்லை, எண்ணில் இருந்து வந்தது. பின்னத்தின் பெயர் அளவின் பெயராக நிலைத்துவிட்டது.

இந்த மாவுக்குத் தனிக் குறியீடும் உண்டு. 2019இல் வெளிவந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் பழைய தமிழ்ப் பின்னக் குறிகளைச் சேர்த்தார்கள், இருபதில் ஒன்றுக்கான குறியும் அதில் இருக்கிறது.

நான் போட்ட குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மாவால் வந்ததுதான். ‘இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று (3)’.

வேலியூரான் எழுதியது:

மாகாணி! மாவும் காணியும் கூடினால் மாகாணி. எண்பதில் நாலும் எண்பதில் ஒன்றும் எண்பதில் ஐந்து, அது பதினாறில் ஒன்று. கணக்கும் சரியாக வருகிறது, சொல்லும் சரியாக வருகிறது. இவ்வளவு நாள் மாகாணி கீரை, மாகாணிப் படி என்று கேட்டிருக்கிறேன், உள்ளே இரண்டு சொல் இருப்பது தெரியாது.

தாத்தா சொன்னது தப்பாகப் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இது நன்றாக இருக்கிறது.

நெடுக்குக்கோடு எழுதியது:

யானைப்பாகனை மாவுத்தன் என்கிறோமே, அது மா (யானை) + உத்தன் தானே? அம்மா சொன்ன விலங்கு மாவில் சேர்க்கலாமா?

மொழிப்பித்தன் எழுதியது:

சேர்க்கக் கூடாது. அது இந்தியில் ‘மஹாவத்’, அதற்கு முன்னால் வடமொழியில் ‘மஹாமாத்ர’. யானைக்கும் மாவுக்கும் தற்செயலான ஒற்றுமை. ஓரெழுத்துச் சொல்லில் இந்த ஆபத்து அதிகம். எந்தச் சொல்லின் தொடக்கத்தையும் வெட்டி எடுத்து ‘இதோ மா’ என்று காட்டிவிடலாம். கட்டத்தில் அப்படி வெட்டலாம், அகராதியில் வெட்டக் கூடாது.

வடமராட்சி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இந்த இழையை முதலில் இருந்து வாசித்தேன். மாவு, மாவு என்று எல்லோரும் எழுதுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் புதினமாக இருக்கிறது, ஏனென்றால் எங்கட வீட்டில் அந்த ‘வு’ இல்லை. எங்களுக்கு அது எப்போதும் மாதான். கோதுமை மா, அரிசி மா, குரக்கன் மா, ஒடியல் மா. பிட்டுக்கு மாவை அவிக்க வேணும், இடியப்பத்துக்கு மாவை வறுக்க வேணும். கடையில் போய் ‘ஒரு கிலோ மா தாங்கோ’ என்று கேட்டால் யாரும் மாம்பழத்தை எடுத்து நீட்ட மாட்டினம்.

ஆகவே காவிரிக்கரை தம்பிக்கு மாவிளக்கில் வந்த குழப்பம் எனக்கு வரவே இல்லை. அந்தச் சொல் எனக்கு நேராகவே மா விளக்கு. தமிழ்நாட்டில் மாவிளக்கு, மாக்கோலம் என்ற பழைய கூட்டுச்சொற்களுக்குள் மட்டும் தங்கியிருக்கும் மா, எங்களிடம் அடுக்களையில் நாளாந்தம் புழங்குகிறது.

இன்னொரு சொல் தருகிறேன், உங்கள் கட்டத்தில் இதுவரை பார்த்ததில்லை. குறிப்பு: ‘குறளின் பிரிவோடு குதிரை சேர, யாழ்ப்பாணத்துத் தேநீரில் கரையும் (3)’. தமிழ்நாட்டு ஆட்கள்தான் விடை சொல்ல வேணும்.

சேரநாடன் எழுதியது:

அக்கா, விடை பிறகு. நான் பாலக்காடு. மலையாளத்தில் இரண்டுக்குமே மாவு என்போம். மாமரமும் மாவு, அரைத்த மாவும் மாவு. தமிழில் மரம் மாவாகவும் அரைத்தது மாவாகவும்... பாருங்கள், எழுதும்போது எனக்கே குழம்புகிறது. தமிழில் மரத்துக்கு ‘வு’ சேரவில்லை, அரைத்ததற்குச் சேர்ந்தது. எங்களுக்கு இரண்டுக்கும் சேர்ந்தது. உங்களுக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் சேரவில்லை. கன்னடத்திலும் மாங்கனிக்கு மாவு என்றுதான் பெயர்.

ஆங்கிலத்தில் மேங்கோ என்பது எங்கள் மாங்ஙாவும் உங்கள் மாங்காயும் போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகிப் போன சொல். அம்மா சொன்ன அந்த மெல்லெழுத்து இருக்கிறதே, மாவுக்கும் காய்க்கும் நடுவில் வந்த ‘ங்’, அது கப்பலேறி உலகம் முழுக்கப் போய்விட்டது. ‘மேங்கோ’ என்று சொல்கிற ஒவ்வொருவர் வாயிலும் நம் புணர்ச்சி விதி ஒன்று இருக்கிறது.

வகுப்பறை எழுதியது:

சேரநாடன், இதைப் பாடம் நடத்திய காலத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் தோன்றல் விகாரம் (இரண்டு சொல் சேரும்போது நடுவில் புதிதாக ஓர் எழுத்து தோன்றுவது) நடத்துவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

யாப்பிலும் இந்த மரம் நிற்கிறது, விட்டுவிடக் கூடாது. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா. இனிக்கும் மாமரம், புளிக்கும் மாமரம். கருவிளம், கூவிளம் என்பவையும் மரப் பெயர்களே. நம் செய்யுள் வாய்பாட்டைத் தோப்பிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

நெடுக்குக்கோடு எழுதியது:

போன மாதம் வேறொரு பத்திரிகையின் கட்டத்தில் ‘மயிர் நீப்பின் வாழாதது (5)’ என்று வந்து, விடை கவரிமான் என்று போட்டிருந்தார்கள். இந்த இழையைப் படித்த பிறகு அதில் தப்பு இருக்குமோ என்று தோன்றுகிறது.

வகுப்பறை எழுதியது:

தப்புதான் தம்பி, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். 969ஆம் குறளில் வள்ளுவர் எழுதியது ‘கவரிமா அன்னார்’. கவரி என்ற மா, கவரி என்ற விலங்கு. மானே அங்கு இல்லை. புறநானூற்றில் கவரி வடக்கே இமயமலைப் பக்கம் நரந்தம்புல் மேய்கிறது. சடை தொங்கும் பனிமலை எருமை அது, அதன் மயிரில்தான் சாமரம் செய்வார்கள். மா என்றால் விலங்கு என்பது பேச்சிலிருந்து போன பிறகு, மா பக்கத்தில் நின்ற ‘அன்னார்’ கண்ணுக்குப் படாமல், நமக்குத் தெரிந்த மானை உள்ளே விட்டுவிட்டோம். பிறகு ஒரு மயிர் உதிர்ந்தால் உயிரை விடும் மான் என்று கதையும் கட்டிவிட்டோம். மேடையிலும் சினிமாவிலும் கேட்டுக் கேட்டுப் படித்தவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

கட்டங்கட்டி எழுதியது:

இந்த ஓர் இடத்தில் குறுக்கெழுத்து பேச்சாளரைவிட நல்ல வாத்தியார் என்று சொல்வேன். மேடையில் கவரிமான் என்றால் யாருக்கும் தட்டாது. கட்டத்தில் கவரிமா நான்கு, கவரிமான் ஐந்து. (4) என்று போட்டால் அந்த ‘ன்’ உட்கார இடம் இருக்காது. நிரப்புகிறவர் நின்று யோசித்தே ஆக வேண்டும். அடுத்த கட்டத்தில் (4) என்று போடுகிறேன், எத்தனை பேர் எனக்கு ‘கணக்கு தப்பு’ என்று எழுதுகிறார்கள் பார்ப்போம். எழுதுகிறவர்களை இந்த இழைக்கு அனுப்பிவிடுகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைத்து நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை இங்கே வைக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். மரத்து மா ஒன்று, அதற்கு மெல்லெழுத்து சாட்சி. விலங்கு மா ஒன்று, குதிரையும் யானையும் சிங்கமும் கவரியும் அதற்குள். கருமையும் பெருமையும் கலந்த மா ஒன்று, அதன் பக்கத்தில் மகா தேய்ந்த மா. திருமகள் மா வடமொழி. இருபதில் ஒன்றான மா, அதிலிருந்து நிலத்து மா. அடுக்களை மா. ஒரு சொல்லுக்கு ஆறேழு பொருள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், ஆறேழு சொல் ஒரே கட்டத்தில் குடியிருக்கின்றன.

மாநிலம் என்பதையும் நானே பார்த்துக்கொண்டேன். 68ஆம் குறளில் மாநிலம் என்றால் இந்தப் பெரிய உலகம் முழுவதும். இன்று அது நாட்டின் ஒரு பகுதி. வட்டத்துக்கு மேலே மாவட்டம், மாவட்டத்துக்கு மேலே மாநிலம் என்று அலுவலகப் படிக்கட்டாகிவிட்டது.

ஐயாவிடம் ஒரே ஒரு குறை மட்டும். மா என்றால் மாமரம். வெறும் ‘மரம்’ என்று குறிப்பில் போட்டால் வேம்பா புளியா என்று நிரப்புகிறவர் எங்கே போய்த் தேடுவார்?

கட்டங்கட்டி எழுதியது:

அது நியாயமான குறை, தம்பி. மரம் என்றாலே மா என்று யாருக்கும் உடனே தோன்றாது. ‘இன்ன வகையில் ஒன்று’ என்று சொல்லி விடுவது கட்டம் போடுகிறவர்களிடம் பழகிப்போன வழக்கம், ஆனால் மரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அது நேர்மையான குறிப்பு ஆகாது. தொகுப்பில் சேர்க்கும்போது 7 குறுக்கை இப்படி மாற்றிவிடுகிறேன்: ‘முக்கனியில் முதலாவதை ஒட்டித் தீபம், அம்மனுக்குச் செலுத்துவது (5)’. மா, பலா, வாழை என்று சொல்லாத தமிழர் இல்லை, முதலாவது எது என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

வேலியூரான் எழுதியது:

இது சரி. அப்புறம், யாழ்ப்பாணத்துத் தங்கச்சி போட்ட குறிப்பு அப்படியே கிடக்கிறதே. குறளின் பிரிவு பால். அறத்துப்பால், பொருட்பால். குதிரை மா. பால்மா என்று வருகிறது. அப்படி ஒரு சொல் உண்டா? தேநீரில் கரைகிறது என்றால் பால் பவுடரா?

வடமராட்சி எழுதியது:

ஓம் அண்ணா, அதேதான். பால்மா. எங்கட கடைகளில் பெட்டியிலும் பைக்கற்றிலும் அப்படித்தான் எழுதியிருக்கும், அதன் விலை கூடினால் செய்தியிலும் அப்படித்தான் வாசிப்பினம். நீங்கள் சொல்லும் பால் பவுடருக்கு இது தமிழ்ச் சொல் என்று ஒருவரும் யோசித்து உருவாக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. பொடியாக இருப்பது மா, பாலின் மா பால்மா, அவ்வளவுதான்.

கட்டங்கட்டி எழுதியது:

அக்கா, அடுத்த கட்டத்தில் 12 நெடுக்கில் மூன்று இடம் காலியாக இருக்கிறது, மூன்றாவது மா. உங்கள் குறிப்பை ஒரு எழுத்தும் மாற்றாமல் அங்கே போட்டுக்கொள்ளலாமா?

வடமராட்சி எழுதியது:

போடுங்கோ.